மலையூரும் கோலாலம்பூரும்: அயல்நாட்டுப் பெயர்த்திரிபும் அதன் சான்றுநிலையும்

சென்னையிலிருந்து மேற்கே பூந்தமல்லி நோக்கிச் செல்லும் பெருவழியில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்னும் மூன்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் பொதுவிடம் சாவடி எனப்படும். ஆங்கிலேயர் இச்சொல்லைத் தம் செவிக்கு எட்டியவாறு 'சௌல்ட்ரி' எனக் கொண்டனர். கரையான்சாவடியை அடுத்த பேரூர் மக்கள் நாவில் பூந்தமல்லி. எழுத்து வழக்கில் பூவிருந்தவல்லி எனவும் வரும். ஆங்கில எழுத்திலோ 'பூனமல்லி'. குமணன்சாவடியில் கிளைக்கும் மற்றொரு சாலை பறங்கிமலைக்குச் செல்கின்றது. பறங்கி என்பது, ஐரோப்பியரைக் குறிக்க அரபியரும் பாரசீகரும் வழங்கிய பெயரின் தமிழ் வடிவம். அதே பெயர் மலாய் மொழியில் 'பெரிங்கி' எனப் புகுந்து, பினாங்குத் தீவின் வடகரையில் 'பத்து பெரிங்கி' என்னும் ஊர்ப்பெயராய் நிற்கின்றது. 'பத்து' என்பதற்கு மலாயில் கல், பாறை என்பன பொருள். ஆகவே, கடலுக்கு இப்பால் ஒரு பறங்கிமலையும் அப்பால் ஒரு பறங்கிப்பாறையும் உள.

இவ்விரு பெயர்களையும் ஒருங்கே வைத்து நோக்குவார் எவரும், பறங்கி என்பது தமிழ்ச்சொல், மலாயர் அதனை நம்மிடம் கற்றனர் என்று வாதிடார். மலாய்ச்சொல், நாம் அவரிடம் கற்றோம் என்றும் வாதிடார். இரு மக்களும் ஒரே வணிகக் கடலில் ஒரே பெயரைக் கேட்டனர். தத்தம் நாவிற்கு ஏற்ப வழங்கினர் என்றே கொள்வர். இவ்வளவு எளிய நெறியை, நாட்டுப்பெயர்கள் பழந்தமிழ் நூல்களிலும் கல்வெட்டுகளிலும் வருமிடத்து மட்டும் நம் ஆய்வுலகம் மறந்துவிடுகின்றது. தமிழில் திரிந்து வழங்கும் அயற்பெயரைக் கண்டவுடன் ஒரு சாரார் அதனைச் சிதைவு என்று ஒதுக்கி, மூல வடிவம் யாது என்பதொன்றையே தேடுவர். மற்றொரு சாரார் அத்திரிபில் தமிழ்ச்சொல் ஒன்று தோன்றக் கண்டு, அந்நாட்டுப் பெயரே தமிழினின்று பிறந்தது என்று நாட்டுவர். இவ்விரு சாராரும் ஒருவர்க்கொருவர் பகைவர் போல் தோன்றினும் பிழை ஒன்றே. திரிபு என்பது கேட்டவன் செவியைப் பற்றிய சான்று. சொன்னவன் மொழியைப் பற்றிய சான்று அன்று. இதனைத் தென்கிழக்காசிய நாட்டுப்பெயர்கள் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஐயத்திற்கு இடமில்லாத ஒரு பெயரிலிருந்து தொடங்குதல் நலம். கோலாலம்பூர் என்பது தமிழர் அனைவரும் அறிந்த பெயர். இந்நகரின் தோற்றம் 1857-ஆம் ஆண்டை ஒட்டியது. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் ஈயச் சுரங்கத் தொழிலாளர் இட்ட குடியிருப்பே பின்னர் மாநகராயிற்று. மலாய் மொழியில் 'குவாலா' என்பது ஆற்றுக் கூடல் அல்லது கழிமுகம். 'லும்பூர்' என்பது சேறு. இப்பெயரில் 'ஊர்' என்னும் தமிழ்ச்சொல் எள்ளளவும் இல்லை. ஆயினும் தமிழர் செவி இறுதியசையில் ஊரைக் கேட்டது. கேட்டபின் முன்னிற்கும் எழுத்துகளையும் அதற்கு இயையத் திருத்திக்கொண்டது. இன்று தமிழறிந்த சிறுவனிடம் கேட்பின், கடலூர், வேலூர், திருவள்ளூர் என்பவற்றின் வரிசையில் கோலாலம்பூரையும் தயங்காது சேர்ப்பான். சிங்கப்பூரும் அவ்வாறே. 'சிங்கபுர' என்னும் வடமொழித் தொடர் மலாயில் 'சிங்கப்பூரா' ஆயிற்று. தமிழில் காஞ்சிபுரம் போன்று சிங்கபுரம் என வரத் தடையொன்றும் இல்லை. எனினும் ஊரே வென்றது. பினாங்கு என்பதில் இத்தகைய வாய்ப்பு இல்லை. 'பினாங்' என்னும் மலாய்ச்சொல் கமுகைக் குறிப்பது. அதில் தமிழ்ச்செவி எதனையும் கண்டிலது. ஆகவே குற்றியலுகரம் ஒன்றை ஈற்றில் ஏற்றதோடு அமைந்தது.

சென்னை நகரிலேயே இதற்கு நேர்மாறான ஒரு சான்று கூறுவர். ஆமில்டன் என்னும் ஆங்கிலப் பெயர் தாங்கிய பாலம் மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதி ஆயிற்று என்றும், அதனை மீண்டும் ஆங்கிலப்படுத்தியவர் முடிதிருத்துவோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் அப்பாலத்தை வழங்கினர் என்றும் சென்னை வரலாறு எழுதியோர் உரைப்பர். இதனைச் சுவைக்காகக் கூறினாரேனும் ஆமில்டன் என்பவர் முடிதிருத்தும் தொழிலினர் என்று முடிவு கட்டினார் இலர். பாலத்திற்கு ஒவ்வாத முடிவு பேரரசுக்கு எங்ஙனம் ஒக்கும்?

இந்நெறியை மனத்திருத்தி முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்திக்கு வருவோம். 1025-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்படையெடுப்பில் வென்ற இடங்களாகத் தஞ்சைக் கல்வெட்டு பதின்மூன்று பெயர்களைத் தருகின்றது: ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாபப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். தமிழ் மொழியில் இதற்கு முன்னரோ, பின்னர் நெடுங்காலமோ, அயல்நாட்டுப் பெயர்களின் இத்தகைய தொகுதி வேறொன்று காண்டல் அரிது. சுமத்திராவிலிருந்து மலாய்த் தீவக்குறை வழியே நிக்கோபார் வரை பரந்த ஒரு நிலப்பகுதியை ஒரே காலத்தில், ஒரே செவி கேட்டு எழுதியது என்னும் சிறப்பு இதற்கு உண்டு.

மாநக்கவாரத்தில் முன்னிற்கும் 'மா' அடை. எஞ்சிய நக்கவாரம் நிக்கோபார். இலாமுரி சுமத்திராவின் வடகோடியில், இற்றை ஆச்சே நிலத்தில் இருந்த லாமுரி. இலங்காசோகம் மலாய் மரபிலக்கியம் மறவாது போற்றும் லங்காசுக்கா. லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாமையின் இரண்டும் இகரம் பெற்றன. மாதமாலிங்கத்தில் மீண்டும் 'மா' என்னும் அடையை நீக்கித் தாம்பிரலிங்கத்தைக் காண்பர். இவ்வாறு தமிழ் இலக்கணத்தைக் கருவியாகக் கொண்டு பின்னோக்கி நடப்பின் மூல வடிவத்தை அணுகலாம். சிதைவு என்று ஒதுக்குவோர் காணத் தவறுவது இதுவே. இவை ஒழுங்கற்ற சிதைவுகள் அல்ல. மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்னும் விதிகளுக்கு அடங்கி நடந்த மாற்றங்கள். வடசொல் தமிழில் வழங்குமாற்றுக்குத் தொல்காப்பியர் வகுத்த நெறி கடல் கடந்த பெயர்க்கும் இயல்பாகவே பொருந்திற்று.

அடுத்து, மலையூர். மறுசாரார் பிழை இப்பெயரிற்போல் வேறெங்கும் வெளிப்படுவதில்லை. இவ்வூர் சுமத்திராவின் கீழ்க்கரைப் பகுதியில், பத்தாங்காரி ஆற்றின் கரைக்கண் உள்ள சாம்பியைச் சார்ந்த மலாயு நாடு என்பது பெரும்பாலோர் துணிபு. மெய்க்கீர்த்திப் புலவர் இதனை மலையூர் என்றார். மலையும் ஊரும் தமிழ்ச்சொற்கள் ஆதலின், மலாயு என்னும் பெயரும், அதன் வழிப்பட்ட மலாயா, மலேசியா என்பனவும் தமிழர் இட்ட பெயர்களே என்று எழுதுவார் நம்மிடையே பலர். மேடைகளிலும் இது கேட்கப்படுகின்றது. மாணவர் கட்டுரைகளிலும் ஏறிவிட்டது. இக்கருத்து ஏற்புடைத்தன்று.

முதலாவது காரணம் காலம். சீனப் பேரரசுக்கு மலாயு நாட்டினின்று 644-ஆம் ஆண்டளவில் தூதர் சென்ற செய்தி சீனக் குறிப்புகளில் உண்டு. சீனத் துறவி இத்சிங் 671-இல் புறப்பட்டு, ஸ்ரீவிசயத்தில் ஆறு திங்கள் தங்கி, பின்னர் மலாயுவிலும் தங்கி, அங்கிருந்து கடாரம் சென்று, 673-இல் வங்கக்கரைத் தாமிரலித்தியை அடைந்தார். இவரும் அந்நாட்டைக் குறிக்கும் சீன எழுத்துகளில் 'மலாயு' என்னும் ஒலியையே காட்டுகின்றார். இராசேந்திரன் கல்வெட்டுக்கு இது ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டு முற்பட்டது. அக்குறிப்புகளில் ஈற்று ரகரத்திற்கு இடமில்லை. இரண்டாவது காரணம் நிலம். சாம்பிப் பகுதி ஆற்று வண்டலால் ஆன தாழ்நிலம். மலைக்கு அரண் தேடுவோர் அவ்வாற்றின் வழியே உள்நாட்டில் நெடுந்தொலைவு செல்லல் வேண்டும்.

ஆனால் மெய்க்கீர்த்தியோ மலையூருக்கு வலிய மலையை அரணாகத் தருகின்றதே எனின், இவ்வினா தக்கதே. இதற்கு விடை வரலாற்று நூல்களில் இல்லை. யாப்பருங்கலம் கற்ற மாணவன் கையில் உள்ளது. மெய்க்கீர்த்தியில் ஒவ்வோர் ஊரின் முன்னும் நிற்கும் அடைமொழியை நோக்குக. மலையூருக்கு மலையரண். தக்கோலத்திற்குக் கலை வல்ல தக்கோரின் புகழ்ச்சி. வளைப்பந்தூற்றுக்குத் தூறு, அஃதாவது புதர்க்காடு. இலாமுரிக்கோ அதனோடு எதுகை பொருந்தி நிற்கும் கடும்போர். அடைமொழிகள் ஊரைக் கண்டு எழுந்தவை அல்ல. ஊர்ப்பெயரின் எழுத்தைக் கண்டு எழுந்தவை. எதுகைக்கும் மடக்குக்கும் இயைந்தவாறு புலவர் பெயரைப் பிரித்தார். பிரித்தவழிக் கிடைத்த தமிழ்ப்பொருளை ஊருக்கு அணிவித்தார். செய்யுளாக அது சிறந்த தொழிலே. ஆயினும் புலவர் அணிவித்ததைப் பொறியாளர் அளந்ததாகக் கொள்வது தகாது. மலையரண் என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு மலையூரை மலைப்பாங்கான இடங்களில் தேடியவரும், தக்கோலத்தில் ஒரு பெருங்கல்விக் கழகத்தைக் கண்டவரும் எதுகையைப் புவியியலாகப் படித்தவரே ஆவர்.

கோலாலம்பூரில் ஊரைக் கேட்ட செவியும் மலாயுவில் ஊரைக் கேட்ட செவியும் ஒன்றே. இடையில் கழிந்தவை ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள். முன்னதில் ஊர் இல்லை என்பது ஐயமற விளங்குவதால், பின்னதில் ஊர் உண்டு என்பதற்குத் தமிழ் வடிவம் ஒன்றையே சான்றாகக் காட்டல் இயலாது. வேறு சான்று காட்டுவார் உளராயின் கேட்க அணியமாயிருக்கிறோம்.

கடாரத்தின் கதை இதனினும் சிக்கலானது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் குவிந்த பண்டங்களுள் காழகத்தினின்று வந்த ஆக்கத்தையும் கூறுகின்றது. அதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் எழுதினார். ஆனைமங்கலச் செப்பேடு, லெய்டன் செப்பேடு என வழங்குவது, நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் அளித்த கொடையைக் கூறுவது. அதன் தமிழ்ப்பகுதி விகாரம் எடுத்த மரபினனைக் கிடாரத்தரையன் என்கின்றது. வடமொழிப் பகுதியோ அதே நாட்டைக் 'கடாக' என்கின்றது. தமிழில் கடாரம், கிடாரம் என்பன பெரிய கொப்பரையைக் குறிக்கும். வடமொழியிலும் கடாகம் கொப்பரையே. இத்சிங் எழுதியதும், அரபியர் 'கலா' என்றதும், இன்றைய மலாயர் 'கெடா' என்பதும் ஒரே நிலத்தைச் சுட்டும் என்று கொள்ளின், ஓர் உள்ளூர்ப் பெயரைத் தமிழ்ச்செவியும் வடமொழிச்செவியும் தத்தமக்குப் பழகிய பாண்டத்தின் பெயரோடு இயைத்துக்கொண்டன என்பது தெளிவாகும். கெடாவில் கொப்பரை வார்க்கும் தொழில் இருந்ததா என்று தேடுவது வீண் முயற்சி.

அச்செப்பேட்டின் வடமொழிப் பகுதியில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ஸ்ரீவிஜயம் என்று வரற்பாலது அங்கு ஸ்ரீவிஷயம் என்று வருகின்றது. விஜயம் வெற்றி, விஷயம் நாடு. தமிழ் எழுத்தில் இரண்டும் விசயம் என்றே ஆகும். வடமொழிப் புலவர் முன் தமிழ் வடிவம் இருந்து, அதனை அவர் மீண்டும் வடமொழியாக்கும்போது வேறு வழியில் சென்றனர் போலும். தமிழே வடமொழிப் பெயரைச் சிதைக்கும் என்று கருதுவோர்க்கு இவ்விடம் சற்று நின்று எண்ணத் தக்கது.

ஆய்வாளரும் இவ்வலையில் வீழாமல் இல்லை. கல்வெட்டுகள் அச்சேறத் தொடங்கிய காலத்துக் கடாரத்தை இராமநாதபுரப் பகுதியிலுள்ள கிடாரம் என்னும் ஊரோடு இணைத்துப் பார்த்ததுண்டு; பெயரொற்றுமை ஒன்றே அதற்குக் காரணம். பின்னர்ப் பர்மியக் கரையில் தேடினர். பாங்கா தீவில் கோத்தா காப்பூர் என்னுமிடத்துக் கிடைத்த, 686-ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டை 1913-இல் வெளியிட்ட டச்சு அறிஞர் கெர்ன், அதில் வரும் ஸ்ரீவிஜயம் என்பதை ஓர் அரசனின் பெயர் என்றே கொண்டார். அது நாட்டின் பெயர் என்பதை 1918-இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சேடெஸ் நிறுவினார். அவர்க்குத் துணை நின்றவற்றுள் நம் சோழர் சாசனங்களும் உண்டு. தனித்த ஒரு பெயர் அவரை அங்குக் கொண்டு சேர்க்கவில்லை. சீனக் குறிப்பும், செப்பேடும், மெய்க்கீர்த்தியும், மலாய்க் கல்வெட்டும் நான்கு செவிகளாய் நின்று ஒரே பெயரைக் கேட்டமையே அவர் முடிவுக்கு வலிமை. ஒரு செவி மயங்கும்; நான்கு செவிகள் ஒரே வகையாக மயங்குதல் இல்லை.

இனி, அரசவைப் புலவர் கேட்டவாறன்றி, அந்நிலத்திலேயே வாழ்ந்த தமிழர் கேட்டவாறு ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. சுமத்திராவின் மேற்குக் கரையில், கருப்பூரத்திற்குப் பெயர்பெற்ற பாருசு துறைக்கு அண்மையில், லோபு துவா என்னுமிடத்தில் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088-க்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது அது. அதில் அவ்வூர் 'வரோசு' எனப்படுகின்றது. அதனையடுத்தே, 'ஆன' என்னும் சொல்லால் இணைத்து, மாதங்கரி வல்லவத் தேசி உய்யக்கொண்ட பட்டினம் என்று தாம் இட்ட நெடும்பெயரையும் தருகின்றனர். வரோசு என்பதற்குத் தமிழில் பொருளில்லை; பொருள் வரச் செய்யவும் அவர் முயன்றிலர். பகரத்தின் ஒலிப்புடை எழுத்து தமிழில் தனியே இல்லாமையின் வகரம் இட்டு எழுதினர், அவ்வளவே. உள்ளூரார் பெயர் ஒருபுறம், தம் பெயர் மறுபுறம், இடையே 'ஆன'. நாடோறும் அந்நிலத்தாரோடு விலை பேசி வாழ்ந்தவன் அவர் பெயரை அவர்க்கு விளங்குமாறு சொல்லியாகல் வேண்டும். தஞ்சையிலிருந்து பாடுவோர்க்கு அக்கட்டாயம் இல்லை. மலையூரும் வரோசும் ஒரே நூற்றாண்டின, ஒரே மொழியின. இருப்பினும் அவற்றின் சான்றுநிலை வேறு வேறு. இவ்வேறுபாட்டை நம் ஆய்வுரைகள் போதிய அளவு பேணவில்லை என்பதே நம் குறை.

எதிர்ப்புறம் நோக்குவோம். மலாயும் அதன் இன மொழிகளும் பிற நாடுகளை எவ்வாறு வழங்குகின்றன என்பதும் இந்நெறிக்கே சான்றாகின்றது. எகிப்தை மலாயர் 'மெசிர்' என்பர். இந்தோனேசியர் கிரேக்கத்தை 'யூனானி' என்பர். இரண்டும் அரபு வழி வந்தவை. யுனானி மருத்துவம் என்று நாம் வழங்குவதும் அதே சொல்லே. ஒல்லாந்து நாடு 'பெலண்டா' எனப்படும். இது போர்ச்சுக்கீசியர் வாய்மொழி வழியாக வந்தது. நாம் ஒல்லாந்தர் என்பதும் அவ்வழியதே. போர்னியோக் காடுகளில் வாழும் நீண்ட மூக்குடைய குரங்கொன்றை மலாயர் 'பெலண்டாக் குரங்கு' என்று நகையாடுவர். மக்காசர் நகரத்தார் கடலட்டை தேடி ஆத்திரேலியாவின் வடகரைக்கு 1907-ஆம் ஆண்டளவும் சென்று வந்தனர். அவரிடம் இச்சொல்லைக் கேட்ட அந்நிலத்துப் பழங்குடியினர் வெள்ளையர் எல்லாரையும் 'பலண்டா' என்றனர். ஒல்லாந்தைக் கனவிலும் கண்டிராதவர் நாவில் ஒல்லாந்தின் பெயர் வழங்குவது பெயர்கள் செல்லும் வழிக்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஒரே மொழியாக இருந்தும் இந்தோனேசியமும் மலேசிய மலாயும் நாட்டுப்பெயர்களில் பிரிந்து நிற்பது வியப்பன்று. ஒன்றை டச்சுக்காரர் ஆண்டனர், மற்றொன்றை ஆங்கிலேயர் ஆண்டனர். இந்தோனேசியர் 'போலாண்டியா', 'சுவீடியா', 'செலாண்டியா பாரு' என்பனவற்றை மலேசியர் ஆங்கில வடிவிலேயே போலந்து, சுவீடன், நியூசிலாந்து என்பர். சப்பான் முன்னவர்க்கு 'செப்பாங்', பின்னவர்க்கு 'செப்பூன்'. 1972-இல் இருநாட்டாரும் எழுத்துக்கூட்டலை ஒன்றாக்கினர். பெயர்களை ஒன்றாக்க இயலவில்லை. எனினும் இதனை ஒரே விதியாக நாட்டவும் முடியாது. மொராக்கோவை மலேசியர் அரபு வழியில் 'மக்ரிபி' என, இந்தோனேசியர் ஐரோப்பிய வழியில் 'மரோக்கோ' என்பர். பிலிப்பீன்சுத் தீவினரின் தகாலோகு மொழியிலோ 'ஆப்போன்', 'அலமானியா' எனச் சப்பானும் செருமனியும் இசுபானிய உடை உடுத்து நிற்கின்றன.

இதனை நாம் வேற்றவர் கதையாக எண்ணி நகைத்தல் வேண்டா. தமிழும் இவ்வாறே பிரிந்துள்ளது. தமிழ்நாட்டார் ஜப்பான், நார்வே, ஆஸ்திரேலியா என்று எழுதுமிடத்து ஈழத்தமிழர் யப்பான், நோர்வே, அவுஸ்திரேலியா என்று எழுதுவர். பிரிட்டனை அவர் பிரித்தானியா என்பர். எது சரி என்னும் வழக்கு அவ்வப்போது எழுகின்றது. இரண்டும் கேட்ட செவிகளின் பதிவு. ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுத்துவதால் அப்பதிவு ஒன்று இழக்கப்படும் என்பதன்றி வேறு பயன் காணேம். ஆனால் துருக்கியைத் 'டர்க்கி' என எழுதும் புது வழக்கை நாம் ஏற்க இயலாது. அந்நாட்டார் 2022-இல் ஆங்கில வடிவை விலக்கித் தம் சொந்த வடிவையே உலக மன்றத்தில் வழங்கச் செய்தனர். அச்சொந்த வடிவிற்கு அணித்தாய் நிற்பது நம் பழைய துருக்கியே. வழியில் கிடந்த பழம்பொருளை எறிந்துவிட்டுக் கடையில் போலியை வாங்குவார் செயல் இது.

கேட்ட செவியின் பதிவு என்று நாம் கூறும் நெறி நமக்கு உவப்பான இடங்களில் மட்டும் பொருந்துவதன்று. மலாயர் தமிழரை 'கெலிங்' என்றனர். கலிங்கம் என்னும் பெயரின் வழியது இது என்பர். தமிழர் கலிங்கர் அல்லர். ஆயினும் கீழ்க்கடல் கடந்து வந்தார் எவரையும் முதலில் கேட்ட பெயரால் வழங்கினர். மலாய் வரலாற்றிலக்கியமாகிய செசாரா மெலாயு நம் நாட்டைக் கெலிங் நாடு என்று இழிவு சிறிதும் இன்றிக் கூறுகின்றது. பினாங்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், தமிழ் முசுலீம் தலைவர் ஒருவரின் சிறப்புப்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. அதே சொல் இன்று மலேசியத் தெருவில் வசைச்சொல். ஒரே ஊரில், பள்ளிவாசலில் பெருமையும் தெருவில் புண்படுத்தலும் ஒரே பெயர்க்கு உரியவாயின. சொற்பிறப்பை எடுத்துக்காட்டி, இது வெறும் கலிங்கம்தானே, வருந்தற்க என்று அறிவுரை கூறும் கட்டுரைகளை நாம் கண்டுள்ளோம். பிறப்பு வேறு, வழக்கு வேறு. சொல்லின் பிறப்பைக் காட்டுதல் ஆய்வாளன் கடன்; அச்சொல்லால் அடியுண்டவனை அமைதி கொள் என ஏவுதல் அவன் கடனன்று.

இந்தோனேசியாவில் இதனை அரசே கையாண்டது. சீனத்தைக் குறிக்க அங்குத் 'தியோங்கோக்' என்னும் ஒக்கியன் சீன வடிவம் வழங்கி வந்தது. 1967-இல் அமைச்சரவைச் சுற்றறிக்கை ஒன்று அதனை விலக்கிச் 'சீனா' என்பதனையே வழங்கப் பணித்தது. சீனா என்பது பழமையான, குற்றமற்ற சொல்; ஆயினும் அக்காலத்து அரசியலில் அது இழிவு செய்யும் கருத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் குடியரசுத் தலைவர் ஆணையொன்று அச்சுற்றறிக்கையை நீக்கிற்று. சொல்லின் வரலாறு முழுதும் அறிந்தோரும் நாற்பத்தேழு ஆண்டுகள் அச்சொல் ஏற்படுத்திய புண்ணைச் சொற்பிறப்பியலால் ஆற்ற இயலவில்லை.

சுமத்திராவின் காரோ மக்களிடையே செம்பிரிங் என்னும் குலத்தின் உட்கிளைகள் சில சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி எனப் பெயர் தாங்குவன. இவற்றில் சோழ, பாண்டிய, மலையாள, பல்லவ நாடுகளைக் காண்பது இயல்பு. நாமும் காண்கின்றோம். எனினும் மலையூர்க்குக் கூறிய தடையை இங்குத் தளர்த்துதல் முறையன்று. பெலாவி தனித்து வரின் பல்லவர் என்று துணிதல் இயலாது. இங்குச் செவி நமதாதலின் மயக்கமும் நமதே. சோலியாவும் பாண்டியாவும் அருகருகே, ஒரே குலத்தில், பிற தென்னாட்டுப் பெயர்களோடு நிற்பதே அதற்கு வலிமை தருகின்றது. பினாங்கில் தமிழ் முசுலீம் வணிகர்க்கு வழங்கிய சூலியா என்னும் பெயரும், அவர் பெயரால் அமைந்த தெருவும் துணைச்சான்றுகள்.

பெயர்களைத் திருத்தும் ஆர்வம் அரசுகளுக்கு அவ்வப்போது எழும். 2020 சூன் திங்களில் தமிழ்நாட்டரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு இயைய மாற்றி ஆணையிட்டது. கூட்டல் முறையில் கருத்து வேறுபாடுகள் எழுந்தமையின் சின்னாளில் அதனைத் திரும்பப் பெற்றது. நோக்கம் பழிக்கத் தக்கதன்று. தன் ஊரின் பெயரைத் தான் சொல்லுமாறே பிறரும் சொல்லவேண்டும் என விழைவது எவர்க்கும் உரிமை. ஆனால் அந்த உரிமையை நமக்குக் கோரும் நாம், மலாயுவை மலையூர் என்றும், அதனால் அது நம்முடையது என்றும் கூறுங்கால், பிறர்க்கு அதே உரிமையை மறுக்கின்றோம். பூந்தமல்லியைப் 'பூனமல்லி' என்ற ஆங்கிலேயன், அதனால் அவ்வூருக்குப் பெயரிட்டவன் தானே என்று எழுதியிருப்பின் கரையான்சாவடியில் அதனை யார் பொறுப்பர்?

சிங்கப்பூர்க் குடியரசின் நாணயங்களில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் பொறிக்கப்படுகின்றது. மலாயில் சிங்கப்பூரா, அங்கு 'பூரா' வடமொழிப் புரம். தமிழில் சிங்கப்பூர், அங்கு நாம் கேட்ட ஊர். பிறப்பால் அவ்வூருக்கு அப்பெயரில் இடமில்லை. எனினும் அந்நாட்டுத் தமிழர் தலைமுறை தலைமுறையாக அவ்வாறே வழங்கினர். அரசும் அவ்வாறே நாணயத்தில் பொறித்துத் தந்தது.